மூன்று மாதமாகச் சொட்டு மருந்து போட்டும் மூக்கடைப்பு போகவில்லையா?

சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தேதான் இப்போது உங்கள் மூக்கை அடைக்கிறது. ஐந்து நாளுக்கு மேல் போட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கின் உள்சவ்வு திரும்ப வீங்கும். நீங்களோ மூன்று மாதமாக ராத்திரிதோறும் போடுகிறீர்கள்.

தும்மல், கண் அரிப்பு இல்லை, ஒவ்வாமை மாத்திரையான செட்டிரிசினும் கேட்கவில்லை என்கிறீர்கள். அதனால் ஒவ்வாமையாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

முதலில் ஒரு துளையில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். சில ராத்திரி கஷ்டமாகத்தான் இருக்கும், உப்புநீர் ஸ்பிரே கொஞ்சம் உதவும். ஒன்றிரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் திறந்தால் காரணம் உறுதி. அப்புறம் மறுபக்கமும் நிறுத்துங்கள். மூக்கின் வீக்கத்தைக் குறைக்கும் புளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், இரண்டே நாளில் விட்டுவிடாதீர்கள்.

எப்போதும் ஒரே பக்கம் அடைப்பு, கூடவே ரத்தம் என்றால் இதெல்லாம் வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.