'ஆஸ்பிரேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அகராதியில் 'ஆஸ்பிரேட்' என்று தேடினால் மூச்சொலியுடன் உச்சரி, உறிஞ்சி எடு, மூச்சோடு உள்ளிழு என்று வருகிறது. 'ஆஸ்பிரேஷன்' என்றால் பெருவிருப்பம் என்கிறது. எந்த இடத்தில் எது சரி?"

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துக்கொண்டு நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குடியாத்தத்தில் என் ஆயா (எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) பக்கவாதம் வந்து படுத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "தண்ணீர் கொடுத்தால் ஆஸ்பிரேட் ஆகும், பார்த்துக் கொடுங்கள்" என்றார். வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினேன். 'உறிஞ்சுதல்' என்று வந்தது. சரி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக் குடிக்கக் கூடாது போலிருக்கிறது, ஸ்பூனில் கொடுத்தால் போதும் என்று நானாகவே பொருள் செய்துகொண்டேன். படுத்த வாக்கிலேயே தண்ணீரும் நீர்க்கஞ்சியும் ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். ஆயா ஒருமுறைகூட இருமவில்லை. ஆனால் இரண்டு வாய் குடித்ததும் அவர் குரல் மாறியது. தொண்டையில் தண்ணீரை வைத்துக்கொண்டே பேசுவதுபோல் களகளவென்று கேட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு, மறுபடியும் மருத்துவமனை.

அங்கே ஒரு நர்ஸ் அக்கா, "நீ கொடுத்ததெல்லாம் வயிற்றுக்குப் போகவில்லை தம்பி, நுரையீரலுக்கு இறங்கியிருக்கிறது" என்றார். மருத்துவர் சொன்ன சொல்லின் பொருள் அதுதான். வெளியிலிருந்து தண்ணீரோ சோறோ வாந்தியோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவது.

இதற்கு நம்மிடம் 'புரையேறுதல்' என்ற சொல் இருக்கிறதே என்று தோன்றும். பாதி சரி. தொண்டையில் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்கிறது. மூடத் தவறினால் உள்ளே போனதை இருமல் வெளியே தள்ளுகிறது. அப்போதுதான் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். பக்கவாதத்தில் அந்த இடத்தின் உணர்வே குறைந்துபோகலாம். தண்ணீர் உள்ளே இறங்கும், இருமலே வராது. 'புரையேறும்' என்று மட்டும் சொன்னால் என்னைப் போன்றவன் இருமலுக்காகக் காத்திருப்பான். அதனால் நோயாளியின் வீட்டாருக்கு "இருமாமலேயே நுரையீரலுக்குள் இறங்கிவிடும்" என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லில் அடக்கப் பார்க்காதீர்கள்.

அந்த அக்கா செய்தே காட்டினார். ஆயாவை நிமிர்ந்து உட்கார வைத்தார். முகவாயைச் சற்றுத் தாழ்த்தினார். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் கரைத்து அரை ஸ்பூன் வைத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த அரை ஸ்பூன் கொடுத்தார். தண்ணீர் தொண்டையில் விரைந்து ஓடிவிடுகிறது, கூழ் மெல்ல நகர்வதால் விழுங்க நேரம் கிடைக்கிறது என்றார். கொடுத்து முடித்த பிறகு அரை மணி நேரம் படுக்க விடவில்லை. எவ்வளவு கெட்டி, முகவாயைத் தாழ்த்தலாமா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். விழுங்கும் பயிற்சி தருபவர்கள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆயா தேறி வந்தார்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே சொல்தான் வரும். எங்கள் ஊர்களில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வீட்டில் எப்போதும் இருக்கும். கடைவாய்ப் பற்கள் முளைக்காத பிள்ளை அதை வாயில் போட்டுச் சிரித்தாலோ ஓடினாலோ மூச்சோடு உள்ளே போய்விடும். பெரும்பாலும் வலப்பக்கம்தான் போகும். வலது கிளைக்குழாய் அகலமானது, செங்குத்தாக இறங்குவது. கடலை எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது.

இனி நேர் எதிர்ப் பொருள். நான் வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜில் வரவேற்பு வேலை பார்க்கிறேன். மேற்கு வங்கம், அஸ்ஸாம், திரிபுராவிலிருந்தெல்லாம் சிகிச்சைக்கு வந்து தங்குவார்கள், சீட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். கழுத்துக் கட்டிக்கு 'ஆஸ்பிரேஷன்' என்று எழுதியிருந்தால் அது ஊசியால் உறிஞ்சி எடுப்பது. இரத்தம் எடுக்கும் ஊசியைப் போன்ற மெல்லிய ஊசிதான். அதில் வரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார்கள். நுரையீரல் உறையில் தேங்கிய நீர், இடுப்பெலும்பு மஜ்ஜை எல்லாவற்றுக்கும் இதே சொல். எடுத்த பொருளுக்கும் 'ஆஸ்பிரேட்' என்றே பெயர். ஆனால் பெயராக வரும்போது ஆங்கிலத்தில் கடைசி அசை குறுகிவிடும், 'ஆஸ்பரிட்' போல ஒலிக்கும். ஆகவே சீட்டைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே போவதா, வெளியே எடுப்பதா என்பதுதான்.

இத்தனைக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் 'ஸ்பிராரே' என்றால் மூச்சுவிடுதல். ஒன்றை நோக்கி மூச்சு விடுவது 'அஸ்பிராரே'. நமக்கு இது புதிதல்ல. தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல்தான், நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. ஒன்றை எண்ணி ஏங்குகிறவன் மூச்சு அதை நோக்கிப் போகிறது, அதனால் 'ஆஸ்பிரேஷன்' வேட்கை ஆனது. மத்திய அரசு 2018இல் தொடங்கிய 'ஆஸ்பிரேஷனல்' மாவட்டத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றன. அவற்றை 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று எழுதுகிறார்கள். 'விழையும்' எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு. வண்டி விளம்பரத்தில் 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்று வந்தால், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாமல் தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் எஞ்சின் என்று பொருள், அவ்வளவே.

மிச்சம் இருப்பது ஒலி. வல்லினத்தோடு ஒரு மூச்சும் சேர்ந்து வெளிவருவது. வடமொழி இலக்கணத்தில் இதற்கு மகாப்பிராணம் என்று பெயர், அங்கேயும் மூச்சுதான். தமிழில் ஒரே 'க' இருக்கும் இடத்தில் இந்தியிலும் வங்காளியிலும் நான்கு இருப்பதில் இரண்டு இப்படிப்பட்டவை. லாட்ஜுக்கு வந்த புதிதில் ஒரு வங்காளி அம்மா சோறு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் வழி காட்டிவிட்டு அவர் சொன்ன சொல்லைத் திருப்பிச் சொன்னேன், 'பாத்'. அவர் முகம் சுருங்கியது. மூச்சோடு சொன்னால் சோறு, மூச்சில்லாமல் சொன்னால் அவர்கள் மொழியில் வாத நோய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அவர் என் கையை எடுத்துத் தம் வாயருகே வைத்து இரண்டையும் சொல்லிக் காட்டினார். சோற்றுக்கு மட்டும் உள்ளங்கையில் சூடான காற்று பட்டது.