ஐ.ஐ.டி.யில் முதல் க்விஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னை ஐ.ஐ.டி.யில் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. கணிதத்தில் முதல் க்விஸில், அதாவது செமஸ்டருக்கு நடுவே வரும் சிறு தேர்வில், 20-க்கு 5. அறைத்தோழன் ராஜஸ்தானில் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் பேர்போன கோட்டாவில் படித்துவிட்டு வந்தவன், அவனுக்கு எல்லாமே முன்பே தெரிந்திருக்கிறது. வகுப்பில் ஆங்கிலம் வேகமாகப் போகிறது. மெஸ் சாப்பாடும் ஒத்துக்கொள்ளவில்லை. விடைத்தாள் காட்டிய அன்று, ஒரு கணக்குக்கு ஏன் பூஜ்யம் என்று கேட்கப் போய், வாய் வராமல் திரும்பிவிட்டேன். அந்தக் கணக்கை இணைத்திருக்கிறேன். இரவு இரண்டு மணிவரை சீனியர்கள் கொடுத்த விடைகளைப் படிக்கிறேன். படிக்கும்போது புரிகிறது, தேர்வில் வரவில்லை. இதை விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

எஸ்.

அன்புள்ள தம்பி,

வீட்டில் இன்றைக்கே சொல். அம்மாவுக்கு க்விஸ் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நீ கஷ்டப்படுகிறாய் என்பது தெரிந்தால் போதும். தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால் வளாகத்திலேயே மருத்துவரும் மனநல ஆலோசகரும் இருக்கிறார்கள், போய்ப் பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மெஸ்ஸுக்கு வயிறு பழகிவிடும். ஆங்கிலத்தைப் பற்றி நீ இவ்வளவு பயப்படுவதை நான் ஏற்கவில்லை. ஐ.ஐ.டி.க்கான நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது. அதை எழுதித் தேறி வந்தவனுக்குப் பாடப்புத்தகம் படிக்க ஆங்கிலம் இருக்கிறது. பேச்சு பின்னால் வரும்.

20-க்கு 5 என்று எழுதியவன் வகுப்பின் சராசரியை ஏன் எழுதவில்லை? அங்கே கிரேடு பெரும்பாலும் வகுப்போடு ஒப்பிட்டுத்தான் போடப்படுகிறது. எஸ் வாங்கினால் 10 புள்ளி, ஏ 9, பி 8, சி 7, டி 6, இ 4. யூ என்றால் தோல்வி. சராசரி 7 என்றால் உன் 5 ஒரு கதை, 14 என்றால் வேறு கதை. அதைக்கூட விசாரிக்காமல் படிப்பையே விடப் பார்க்கிறாய்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு வரிக்காக: ‘படிக்கும்போது புரிகிறது, தேர்வில் வரவில்லை.’ கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான். நம் பிள்ளைகளுக்கு நுழைவுத்தேர்வுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது விடையை வேகமாகப் பிடிக்கும் வித்தையை. அட்வான்ஸ்டுக்கு முந்தைய கட்டமான ஜே.இ.இ. மெயினில் 180 நிமிடத்துக்கு 75 கேள்வி, ஒன்றுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடையாது. அந்த அவசரத்தில் ‘ஏன்’ என்று கேட்பவன் பின்தங்குவான். ஐ.ஐ.டி.க்குள் நுழைந்ததும் ‘ஏன்’ என்பதற்குத்தான் மதிப்பெண். கோட்டாவிலிருந்து வந்தவனுக்கும் இந்தப் பள்ளம் காத்திருக்கிறது. அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான்.

உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பின்னம். மேலே, தொகுதியில் எக்ஸ் வர்க்கம் பெருக்கல் ஒய். கீழே, பகுதியில் எக்ஸின் நான்காம் படியும் ஒய் வர்க்கமும் கூட்டியது. ஆதிப்புள்ளியில் எல்லை உண்டா, அதாவது எந்த வழியாக அதை நெருங்கினாலும் மதிப்பு ஒரே எண்ணை நோக்கிப் போகிறதா? நீ ஆதிப்புள்ளி வழியாகப் போகும் நேர்கோடுகள் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தாய். எந்தச் சாய்வுக்கும் பூஜ்யம் வந்தது. ‘எல்லை பூஜ்யம்’ என்று முடித்துவிட்டாய். ஒய்க்கு எக்ஸ் வர்க்கத்தைப் போடு, அதாவது பரவளையம் வழியாக வா. மேலே எக்ஸின் நான்காம் படி, கீழே அதைப் போல இரண்டு மடங்கு. மதிப்பு எப்போதும் 1/2. ஒரு பாதையில் பூஜ்யம், இன்னொரு பாதையில் அரை. ஆகவே எல்லையே கிடையாது. இரண்டு பாதை முரண்பட்டால் எல்லை இல்லை என்று சொல்லலாம். ஆயிரம் பாதை ஒத்துப்போனாலும் எல்லை உண்டு என்று சொல்ல முடியாது. பூஜ்யம் போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

இதை அன்றைக்கே கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். விடைத்தாளைக் காட்டுவதே அதற்குத்தான். வரிசையில் நின்று, தாளைக் கையில் வாங்கி, கேட்காமல் திரும்பினாயே, அதுதான் எனக்குக் கோபம். 5 மதிப்பெண்ணுக்கு எனக்குக் கோபமே இல்லை. ‘சார், வொய் இஸ் திஸ் நாட் எனஃப்?’ என்று விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினால் முடிந்தது.

சீனியர்கள் கொடுத்த விடைகளை மூடி வை. அடுத்தவர் விடையைப் படித்தால் ஒவ்வொரு வரியும் நியாயமாகத்தான் தெரியும். அடுத்த வரி எங்கிருந்து முளைத்தது என்பது மட்டும் தெரியாது. தேர்வில் உன்னிடம் கேட்பது அந்த இடத்தைத்தான். தேர்வுக்கு முந்தைய இரவு ஒருவன் பலகையில் போட, நாலு பேர் தலையாட்டும் கூட்டுப்படிப்பும் இதே வகை. அங்கே படிப்பது பலகையில் போடுகிறவன் மட்டும்.

டுடோரியல் தாள், அதாவது பயிற்சிக் கணக்குகள் உள்ள தாள், கைக்கு வந்த அன்றே மூன்று கணக்கைத் தேர்ந்தெடு. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம், பேனாவில், போன் பக்கத்தில் இல்லாமல். முதல் வரியாக, கணக்கில் வரும் வரையறையைப் பார்க்காமல் எழுது. பாதிப் பேர் அங்கேயே தவறுவார்கள். எல்லையின் வரையறையான எப்சிலான்–டெல்டாவில் முதலில் எப்சிலான் கொடுக்கப்படும், அதாவது மதிப்பு எல்லைக்கு எவ்வளவு அருகில் இருக்க வேண்டும் என்பது. அதற்குப் பிறகுதான், புள்ளிக்கு எவ்வளவு அருகில் வந்தால் அது நடக்கும் என்கிற டெல்டாவை நீ தேட வேண்டும். முறை மாறினால் வரையறையே வேறாகிவிடும். மாட்டிக்கொண்ட இடத்தில் அடிக்காதே, கிழிக்காதே. ‘இந்த வரியிலிருந்து அந்த வரிக்குப் போக எனக்கு இது தெரியவில்லை’ என்று ஒரே வாக்கியம் எழுது. தமிழில் எழுதினாலும் சரி. டுடோரியல் வகுப்பில் ஆசிரியருக்கு உதவும் டி.ஏ.விடம் அந்த வாக்கியத்தைக் கேள். ‘ஒன்றும் புரியவில்லை’ என்று நின்றால் அவர் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுவார், நீ மறுபடி தலையாட்டிவிட்டு வருவாய். மறுநாள் காலையில் வெற்றுத்தாளில் அதே கணக்கை முதலிலிருந்து போடு. வரவில்லையென்றால் அது இன்னும் உனக்குத் தெரியாத கணக்குதான். வாரத்துக்கு மூன்று போதும். முப்பது விடையைப் படிப்பதை நிறுத்து.

கல்லூரி மாறுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இந்த ஆண்டுக் கலந்தாய்வு முடிந்துவிட்டது, இப்போது விட்டால் ஒரு வருடம் போகும். செமஸ்டர் முடியட்டும், பேசலாம்.

அதற்கு முன் இதைச் செய். உன் கணக்கில் பகுதியை மட்டும் மாற்றி, எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டியதாக வைத்துக்கொள். இப்போது எல்லை உண்டு, அது பூஜ்யம். நிறுவு. பாதை பாதையாகப் போகாதே. எக்ஸ் வர்க்கம் பகுதியைவிட ஒருபோதும் பெரிதாகாது, அதிலிருந்து தொடங்கு. எப்சிலானுக்கு டெல்டா எவ்வளவு என்று எழுதி எனக்கு அனுப்பு. அறைத்தோழனிடம் கேட்காதே.