டீசல் சரக்கு லோகோக்கள் வழியில் நிற்பது ஏன்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பழைய ஆல்கோ லோகோ பழுதானால் எதையாவது இழுத்துக் கட்டி அடுத்த ஸ்டேஷன் வரை கொண்டு போய்விடுவார்கள். இப்போதைய டபிள்யூ.டி.ஜி.-4 சரக்கு லோகோவோ திரையில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. இதுவா முன்னேற்றம்?

பதில்: ஆல்கோ எப்படியோ வீடு வந்து சேர்ந்த கதைகளே நம் நினைவில் நிற்கின்றன, வராத நாட்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அதன் சக்கரங்களைச் சுழற்றும் டி.சி. டிராக்ஷன் மோட்டார்களில் கார்பன் பிரஷ் தேயும். மழைக்காலத்தில் கார்பன் தூளும் ஈரமும் சேர்ந்து, மின்கசிவைக் கண்டால் இழுவையைத் துண்டிக்கும் கிரவுண்ட் ரிலே விழுந்துகொண்டே இருக்கும். 1999-இல் இந்தியாவுக்கு வந்த டபிள்யூ.டி.ஜி.-4-இன் ஏ.சி. மோட்டாரில் பிரஷும் இல்லை, அது உரசும் கம்யூட்டேட்டரும் இல்லை என்பதால் அந்தத் தொல்லை அடியோடு ஒழிந்தது.

பழுது மோட்டாரை விட்டு, அதற்கு ஏ.சி. மின்சாரம் தயாரித்துத் தரும் இன்வெர்ட்டருக்குக் குடிபெயர்ந்தது என்பதே உண்மை. தொடக்ககால லோகோக்களில் மூன்று அச்சுகள் உள்ள ஒரு போகிக்கு (சக்கரச் சட்டகத்துக்கு) ஒரு இன்வெர்ட்டர் என்ற அமைப்பு இருந்ததால், ஒன்று போனால் மூன்று மோட்டார்கள் ஒருசேரப் போய்விடும். ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஏறும் வண்டி அதோடு நின்றுவிடும். அமெரிக்காவில் ஜி.இ. நிறுவனம் தன் ஏ.சி.4400 லோகோவில் அச்சுக்கு ஒன்றாக ஆறு இன்வெர்ட்டர்களை வைத்தபோது, அதே பழுதில் இழப்பு மொத்த இழுவையில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது.

எலெக்ட்ரானிக்ஸ் என்றதும் கார்டை (சர்க்யூட் பலகையை) குற்றம் சொல்லுவதும் வழக்கமாகிவிட்டது. ஒரு ஷெட்டில், ஒரே லோகோவுக்கு மூன்று முறை கார்டு மாற்றியும் அதே பழுது திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் கேபிளைக் கையால் பிடித்து அசைத்தபோதுதான் திரையில் செய்தி வந்தது. கனெக்டரில் ஒரு பின் தளர்ந்திருந்தது. வண்டி அதிரும்போது மட்டுமே தொடர்பு விட்டுப்போகும் பழுதை, நிறுத்தி வைத்த லோகோவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் தானாக நின்று, கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) அழுத்தத்தைக் காட்டும் பொத்தான் வெளியே வந்திருந்தது. அதை அமுக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: கூடாது. டபிள்யூ.டி.ஜி.-4-இல் உள்ள, அமெரிக்க இ.எம்.டி. நிறுவனத்தின் 710 வகை எஞ்சினில், இயல்பாக ஓடும்போது கிராங்க்கேஸின் உள்ளே வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தமே இருக்க வேண்டும். அது கூடுகிறது என்றால் பிஸ்டன் விரிசல் விட்டிருக்கலாம், பேரிங் சூடேறி ஆயிலை ஆவியாக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது ஆவியை வெளியே இழுக்கும் எடக்டரின் வலை அடைத்திருக்கலாம். மூன்றாவது அற்பமானது, ஆனால் முதல் இரண்டா மூன்றாவதா என்பதை நின்ற இடத்தில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

சந்தேகத்தில் பக்கவாட்டு மூடியை உடனே திறந்து பார்ப்பது அதைவிட மோசம். சூடான ஆயில் ஆவியோடு வெளிக்காற்று கலந்தால் கிராங்க்கேஸ் வெடிக்கக்கூடும் என்பதாலேயே, எஞ்சின் ஆறும்வரை குறைந்தது இரண்டு மணி நேரம் மூடியைத் தொடக்கூடாது என்ற விதி இருக்கிறது. வண்டி தாமதமாகிறது என்று கன்ட்ரோல் எத்தனை முறை அழைத்தாலும் இந்த விதியில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எஞ்சினை நிறுத்திய பிறகும் உள்ளே ஒரு பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது. பேட்டரி வீணாகாதா?

பதில்: அது, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவுக்கு ஆயில் அனுப்பும் பம்ப். சுமை இழுத்து வந்த டர்போவின் சூடு பேரிங்குக்குப் பரவாமல் இருக்க, எஞ்சின் நின்ற பின்னும் அரை மணி நேரத்துக்கு மேல் அது ஓடியாக வேண்டும். பேட்டரி சுவிட்சைத் திறந்து அதை நிறுத்துபவர், மிச்சம் பிடித்த மின்சாரத்துக்கு ஒரு டர்போவை விலையாகக் கொடுப்பார்.

கேள்வி: அமெரிக்காவில் 6,000 குதிரைத்திறன் லோகோக்கள் ஏன் தோற்றன?

பதில்: 1990-களில் ஜி.இ.யும் இ.எம்.டி.யும் யார் முந்துவது என்ற போட்டியில், போதிய சோதனை ஓட்டம் முடியாத புதிய எஞ்சின்களைச் சந்தைக்கு அனுப்பின. ஜி.இ.யின் ஏ.சி.6000 லோகோவில் இருந்த 7எச்.டி.எல். எஞ்சினில் அதிர்வும் டர்போ பழுதும் படுத்தின, இ.எம்.டி.யின் 265எச் எஞ்சினோ, இரண்டு-ஸ்ட்ரோக்கிலேயே ஊறிய நிறுவனம் நான்கு-ஸ்ட்ரோக்கில் வைத்த அவசர அடி. பெரிய எஞ்சின் தயாராகாததால், அதற்கென்றே கட்டிய உடலில் 4,300, 4,400 குதிரைத்திறன் தரும் பழகிய எஞ்சின்களைப் பொருத்திய லோகோக்களும் விற்கப்பட்டன; நெடுநாள் உழைத்தவை அவைதாம்.

ஆனால் எல்லாப் பழியையும் உலோகத்தின் மேல் போடுவது நியாயமல்ல. ஆறு அச்சுகளின் எடை கூடாதபோது, மெதுவாக ஏற்றம் ஏறும் நிலக்கரி வண்டியில் சக்கரப் பிடிமானமே எல்லை. கூடுதல் குதிரைத்திறன் வேகத்தில்தான் பயன்படும். அதோடு, மூன்று லோகோக்களுக்குப் பதில் இரண்டைப் பூட்டினால், ஒன்று செத்ததும் வண்டியின் பாதி பலம் போய்விடும். 2001-இல் ஆஸ்திரேலியாவில் 682 வேகன்களோடு 7.3 கிலோமீட்டர் நீள வண்டியை இழுத்தவை எட்டு ஏ.சி.6000 லோகோக்களே, ஆகவே அந்த லோகோவுக்கு வலு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 7எச்.டி.எல்.-இல் கற்ற பாடங்களிலிருந்தே பின்னர் ஜி.இ.யின் எவல்யூஷன் எஞ்சின் பிறந்தது; பீகாரின் மர்ஹௌராவில் தயாராகும் டபிள்யூ.டி.ஜி.-4ஜி லோகோவில் ஓடுவது அந்த வகைதான்.

கேள்வி: மின்மயமாக்கலுக்குப் பிறகு டீசல் லோகோக்கள் பெரும்பாலும் சும்மா நிற்கின்றன. ஓட்டம் குறைந்தால் பழுதும் குறைய வேண்டும்தானே?

பதில்: எதிர்மாறாக நடப்பதே அதிகம். நெடுநேரம் ஐட்லிங்கில் (சுமையின்றி ஓடியபடி) நிற்கும் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சினில் எரியாத ஆயில் புகைபோக்கியில் படிந்து, பிறகு உயர் நாட்சில் (த்ராட்டில் படியில்) இழுக்கும்போது தீப்பொறியாகப் பறக்கும். அணைத்தே வைத்திருந்த எஞ்சினிலோ கசிந்த தண்ணீர் சிலிண்டரில் தேங்கியிருக்கலாம். சிலிண்டர்களின் டெஸ்ட் காக்குகளை (சோதனை வால்வுகளை) திறந்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். மணிக்கு 25 லிட்டர் டீசல் குடிக்கும் ஐட்லிங்கைத் தவிர்க்க, சுமார் 3 லிட்டரில் பேட்டரியையும் பிரேக் காற்றையும் காத்துக்கொள்ளும் துணை எஞ்சினை ரயில்வே பல லோகோக்களில் பொருத்தியிருக்கிறது. உங்கள் ஷெட்டில் அது பொருத்தப்பட்டும் பழுதாகிக் கிடக்கிறதென்றால், முதலில் அதைச் சரிசெய்யக் கேளுங்கள்.