மறு: ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 5 எழுத்து என்கிறது என் நிரல்

வணக்கம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டத் தமிழ்ச் சொல் விளையாட்டு செய்கிறீர்கள். ‘தமிழ்’ என்பதைப் பைத்தான் நிரல்மொழி 5 எழுத்து என்கிறது, ஆங்கிலத்துக்கே மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாறாதீர்கள்.

பைத்தானில் நீளம் சொல்லும் ‘லென்’ எண்ணுவது எழுத்தை அல்ல, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோட் குறியீடுகளை: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. சொல்லைத் திருப்பினால் புள்ளி தனியாக முன்னால் வந்து நிற்பதும் இதனால்தான். எழுத்தெழுத்தாகப் பிரிக்க, பைத்தானோடு வரும் ‘ரீ’ என்ற உரைத்தேடல் தொகுப்பு போதாது. ‘ரீஜெக்ஸ்’ தொகுப்பைப் பிப் என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவி, பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறியால் பிரியுங்கள். த, மி, ழ் என 3 வரும். க்ஷ, ஸ்ரீ மட்டும் அப்போதும் உடையும். அவற்றை நீங்களே ஒட்ட வேண்டும்.

பிரிப்பதற்கு முன், ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு முறைகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றுங்கள். ‘கொ’வில் வரும் கொம்பும் காலும் சில கோப்புகளில் ஒரே குறியீடு, சிலவற்றில் இரண்டு. கண்ணுக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. விளையாட்டில் சரியாக எழுதிய பிள்ளைக்கே ‘தவறு’ என்று காட்டும், பாவம்.

தமிழும் அதிகாரத்துவ மொழியாக இருக்கும் சிங்கப்பூரில், இன்னொரு பணிப்பட்டியல் செயலியைவிட இது நேர்முகத்தில் எடுபடும் என்பது என் கருத்து. நிரலை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் அந்த 5 எப்படி 3 ஆனது என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.