பத்து மணி என்றால் பதினொன்றரையா?

கேள்வி: பல் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறேன். பத்து மணிக்கு வரச் சொன்னவரை டாக்டர் பதினொன்றரைக்குத்தான் பார்க்கிறார். திட்டு விழுவது எனக்கு. என்ன செய்யலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் பாருங்கள், அம்மா. பல் சுத்தம் செய்யவும் வேர் சிகிச்சைக்கும் ஒரே அரை மணி நேரம்தான் ஒதுக்கியிருப்பீர்கள். கடைவாய்ப் பல்லில் மூன்று, நாலு வேர்க்கால்வாய்கள் இருக்கும். மரப்பு ஊசி பிடிக்கவே சில நிமிடம் ஆகும்.

நான் மேலாளராக இருந்த கிளினிக்கில் தாமதம் ஒளிந்திருந்தது ஆட்டோகிளேவில், அதாவது நீராவிச் சூட்டில் கருவிகளின் கிருமியை நீக்கும் பெட்டியில். 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது சூடு ஏறிய பிறகு வரும் கணக்கு. ஏற, இறங்க, உலர என்று முழுச் சுற்றுக்கு முக்கால் மணியாவது போய்விடும். எங்களிடம் இருந்ததோ இரண்டே செட் கருவிகள். நோயாளி நாற்காலியில், கருவி பெட்டிக்குள்! இன்னும் நாலு செட் வாங்கினோம், சரியாகிவிட்டது. செலவு என்று உங்கள் டாக்டர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, கேளுங்கள்.

அப்புறம், அவசரம் என்று யாரும் சுற்றைப் பாதியில் நிறுத்த விடாதீர்கள். உறையில் உள்ள, நீராவிச் சூடு பட்டால் நிறம் மாறும் குறியீடு மாறாமல் இருக்கும் கருவி டாக்டர் கைக்குப் போகக்கூடாது. வீங்கிய கன்னத்தோடு ஓடி வருபவருக்காகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இடம் காலியாக வையுங்கள்.