கையெழுத்து வாங்கிய காகிதம் காப்பாற்றுமா?

கேள்வி: கோவையில் நண்பர்கள் சேர்ந்து சைக்கிள் கிளப் நடத்துகிறோம், பதிவு செய்யவில்லை. ஞாயிறு பயணத்துக்குத் தலைக்கு 300 ரூபாய் என் கூகுள் பே கணக்கில் வாங்கினேன். "எது நடந்தாலும் கிளப் பொறுப்பல்ல" என்று கையெழுத்தும் வாங்கினோம். இன்சூரன்ஸும் போட்டிருந்தோம். சிறுவாணி சாலை வளைவில் ஜல்லி கொட்டிக் கிடந்ததை முதல் நாளே பார்த்து, நிர்வாகக் குழு வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தேன். அங்கே சறுக்கி விழுந்த ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே நான்தான். இப்போது 4 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இது நியாயமா?

பதில்: நன்றி, நட்பு எல்லாம் கோர்ட்டில் எடுபடாது. உங்கள் கடிதத்தில் வழக்குக்கு வேண்டியது ஒரே வரிதான்: ஜல்லியை முதல் நாளே பார்த்தீர்கள். தெரிந்தும் பாதையை மாற்றவில்லை, வளைவில் ஆள் நிறுத்தவில்லை என்றால் அது கவனக்குறைவு. அதிலிருந்து தப்பிக்க எழுதி வாங்கிய காகிதத்தை நீதிமன்றங்கள் லேசில் ஏற்பதில்லை. கிளப் பதிவாகவில்லை, பணமும் உங்கள் கணக்குக்குத்தான் வந்தது. ஆகவே வழக்கு வந்தால் முதல் பிரதிவாதி நீங்கள்தான்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நோட்டீஸ் வந்த ராத்திரியே, "தப்பு எங்க மேலதான், செலவைப் பாத்துக்கறோம்" என்று காயம்பட்டவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுநாள் வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் உண்டு. பொதுப் பொறுப்புக் காப்பீட்டில், அதாவது உங்களால் பிறருக்கு நேர்ந்த காயத்துக்கு நீங்கள் தர வேண்டிய ஈட்டைக் கம்பெனி ஏற்கும் பாலிசியில், வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பெனியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது. அந்த ஒரு செய்தியைக் காட்டியே கம்பெனி கையை விரித்துவிடும். நீங்கள் அப்படி எதுவும் அனுப்பியிருந்தால் இப்போதே என்னைப் போன்ற ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இனி ஒரு வரியும் அனுப்ப வேண்டாம்.

பாலிசியை எடுத்து முதல் பக்கம் பாருங்கள். "தனிநபர் விபத்து" என்றிருந்தால் அது விழுந்தவருக்குக் கிடைக்கும் தொகை. பெரும்பாலும் மரணம், நிரந்தர ஊனம் இவற்றுக்குத்தான். உங்கள் மேல் வரும் வழக்குக்கு அது பதில் சொல்லாது. இதுவும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் ஒன்று என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். "பொதுப் பொறுப்பு" என்றிருந்தால் நோட்டீஸ் நகலோடு இன்றே கம்பெனிக்கு எழுதுங்கள். தாமதம் செய்தால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

அந்தக் காப்பீடு இல்லையா? சமரசமாகப் போய்விடுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-வது பிரிவில் போலீஸ் புகாரும் வரலாம். ஆஸ்பத்திரி பில், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் இரண்டுக்கும் ஆதாரம் கேளுங்கள். பேரம் அந்தக் கூட்டுத்தொகையில் தொடங்கட்டும், 4 லட்சத்தில் அல்ல. வக்கீல் மூலம் பேசி, "முழு இறுதித் தீர்வு" என்று எழுதிச் சாட்சியோடு கையெழுத்து வாங்கிய பிறகு, பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். அப்புறம், ஜல்லி பற்றிய அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்க நினைக்காதீர்கள். குழுவில் இருக்கும் மற்றவர்கள் ஃபோனிலும் அது இருக்கிறது.