துப்பாக்கித் தடய நிபுணர் ஆக என்ன வேண்டும்?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். தடய அறிவியல் துறையில், அதிலும் துப்பாக்கி ஆய்வுப் பிரிவில் சேர வேண்டும் என்பது என் ஆசை. அதற்குத் துப்பாக்கி சுடத் தெரிந்திருக்க வேண்டுமா? அன்றாட வேலை எப்படி இருக்கும்? 'பிணத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவே பெண் பிள்ளைக்கு என்ன வேலை' என்று வீட்டில் தயங்குகிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?
- வாசகி, தருமபுரி

பதில்: குறிபார்த்துச் சுடத் தெரிய வேண்டியதில்லை. ஆய்வகத்தில் நாங்கள் சுடுவது நீர்த் தொட்டிக்குள், அல்லது பஞ்சு அடைத்த பெட்டிக்குள். குண்டு நசுங்காமல் திரும்பக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கைக்கு வரும் எந்தத் துப்பாக்கியையும், உள்ளே தோட்டா இருக்கிறது என்று எண்ணியே தொடும் பழக்கம் வேண்டும். அது பயிற்சியில் வந்துவிடும்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது பொறுமை. ஒரு வழக்கின் பொருள் எங்களிடம் வரும்போது அது துப்பாக்கியாக வருவதில்லை, துணியில் தைத்து அரக்கு வைத்த பொட்டலமாக வரும். கூடவே நீதிமன்றக் கடிதமும் மாதிரி முத்திரையும் இருக்கும். முதல் வேலை, இரண்டு முத்திரைகளும் ஒன்றுதானா என்று பார்ப்பது. மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது போலீஸார் தயாரித்த குறிப்பில், எழுதியதும் பொட்டலத்தில் இருப்பதும் பொருந்துகிறதா என்பது அடுத்தது. இதில் ஒன்று பிசகினாலும், பின்னால் நீங்கள் செய்யும் நுட்பமான ஆய்வு எதற்கும் நீதிமன்றத்தில் மதிப்பிருக்காது.

பிறகுதான் ஒப்பீட்டு நுண்ணோக்கி. ரிவால்வர், ரைஃபிள் குழல்களுக்குள் மரை போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் இருக்கும். குண்டு அவற்றில் இறுகிச் சுழன்று வெளியேறும்போது, குழலின் தேய்மானமும் கீறலும் அதன் மேல் மெல்லிய கோடுகளாகப் பதியும். நுண்ணோக்கியில் தெரியும் வட்டத்தை நடுவில் ஒரு மயிரிழைக் கோடு இரண்டாகப் பிரிக்கும். இடப்பக்கம் உடலிலிருந்து எடுத்த குண்டு, வலப்பக்கம் நாங்கள் தொட்டியில் சுட்டெடுத்த குண்டு. ஒன்றை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்றதை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே இருப்போம். ஓரிடத்தில் இந்தப் பக்கத்துக் கோடுகள் நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கோடுகளோடு ஒரே ஓட்டமாகச் சேரும். முதல் முறை அதைப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தோட்டா உறையாக இருந்தால், அதன் அடியில் சுடும் ஊசி குத்திய பள்ளத்தை இதே போல ஒப்பிடுவோம்.

எப்போதும் அப்படிச் சேர்ந்துவிடாது. ஒரு கொலை வழக்கில் வந்த ரிவால்வர் குண்டைப் பிணக்கூறாய்வின்போது பல்வைத்த இரும்பு இடுக்கியால் இறுக்கிப் பிடித்து எடுத்திருந்தார்கள். எனக்குத் தேவையான கோடுகளின் குறுக்கே இடுக்கியின் பற்கள் பதிந்துவிட்டன. நான்கு நாள் நுண்ணோக்கியில் உட்கார்ந்தேன். கடைசியில் 'தீர்மானிக்க இயலவில்லை' என்றுதான் எழுதினேன். விசாரணை அதிகாரிக்கு வருத்தம். இறந்தவரின் குடும்பத்தை நினைத்து எனக்கும் வருத்தம். ஆனாலும் அந்தக் குண்டைக் கொண்டு அதற்கு மேல் ஒரு சொல் எழுதியிருந்தால் அது பொய். 'ஆம்', 'இல்லை', 'தெரியவில்லை' என்ற மூன்றையும் ஒரே மனத்தோடு எழுத முடிகிறவர்கள்தான் இந்தப் பிரிவுக்கு வர வேண்டும்.

'இல்லை' என்பதன் மதிப்புக்கு ஒரு பழைய வழக்கு சொல்கிறேன். 1929இல் சிகாகோ நகரில், காதலர் தினத்தன்று, ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கொலையாளிகளில் சிலர் போலீஸ் உடையில் வந்ததால் பழி போலீஸ் மீதே விழுந்தது. கால்வின் கொடார்ட் என்ற நிபுணர் போலீஸாரின் தாம்சன் வகை இயந்திரத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, சம்பவ இடத்துத் தோட்டாக்கள் அவற்றிலிருந்து வந்தவை அல்ல என்றார். அதே ஆண்டின் இறுதியில் வேறொருவர் வீட்டில் கிடைத்த இரண்டு துப்பாக்கிகளோடு அவை பொருந்தின. அங்கே அறிவியல் முதலில் செய்தது, குற்றம் செய்யாதவர்கள் மேல் இருந்த சந்தேகத்தைத் துடைத்ததுதான்.

நம் ஊருக்கு வருவோம். தருமபுரி என்பதால் உங்களுக்கே தெரிந்திருக்கும், மலையோரங்களில் பிடிபடுபவற்றில் நாட்டுத் துப்பாக்கிகள் நிறைய. அவற்றின் குழலில் மரை கிடையாது, உள்ளே வழவழப்பாக இருக்கும். அதிலிருந்து சிதறும் ஈயக் குண்டுகளைப் பார்த்து 'இந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தவை' என்று சொல்ல முடியாது. ஆனால் துப்பாக்கி இயங்கும் நிலையில் இருக்கிறதா, குழலில் கரிமருந்துப் படிவு இருக்கிறதா என்று சொல்லலாம். எனக்கு மிகவும் பிடித்த தடயம், மருந்துக்கும் குண்டுக்கும் இடையே திணிக்கும் அடைப்பு. தேங்காய் நார், பழைய துணி என்று கைக்குக் கிடைத்ததைத் திணித்திருப்பார்கள். காயத்துக்குள்ளோ சம்பவ இடத்துப் புல்லிலோ கிடக்கும் கருகிய துணித்துண்டின் கிழிந்த ஓரம், ஒரு வீட்டில் கைப்பற்றிய வேட்டியின் கிழிசலோடு இழைக்கு இழை பொருந்தினால், அதைவிட வலுவான சாட்சி குறைவு. சம்பவ இடத்துக்குப் போகிறவர் கீழே கிடக்கும் கரித்துணியை அலட்சியமாக மிதித்துவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பது அடுத்த பெரிய கேள்வி. சட்டையில் கருகல், புகைக்கறை, மருந்துத் துகள் குத்திய புள்ளிகள் என்று எது எந்த அளவில் இருக்கிறது என்று பார்ப்போம். பிறகு அதே துப்பாக்கி, அதே வகைத் தோட்டாவைக் கொண்டு வெவ்வேறு தூரத்தில் துணியில் சுட்டு ஒப்பிடுவோம். ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் பூசணம் பிடித்து எல்லாம் போய்விடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும்.

சந்தேக நபரின் கையில் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் சேர்ந்த துகள் கிடைப்பது முக்கியமான தடயம். ஆனால் சுடும்போது பக்கத்தில் நின்றவர் கையிலும், துப்பாக்கியைத் தொட்டவர் கையிலும் அது இருக்கக்கூடும். அறிக்கையில் அந்த எல்லையைத் தாண்டாதீர்கள். நம் துறைக்கே எல்லை உண்டு. 2009இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கையும், 2016இல் அந்நாட்டு அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு அறிக்கையும், குண்டுக் கோடுகளை ஒப்பிடும் முறையில் தவறு எவ்வளவு நேரும் என்பதைப் போதிய ஆய்வுகள் காட்டவில்லை என்று விமர்சித்தன. இரண்டையும் படியுங்கள். குறுக்கு விசாரணையில் ஒரு நல்ல வழக்கறிஞர் அவற்றைக் கையில் வைத்திருப்பார்.

படிப்பைப் பொறுத்தவரை உங்களுக்கு இயற்பியல் இருப்பது நல்லது, துப்பாக்கிப் பிரிவு பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கிறது. மத்திய ஆய்வகங்களுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்புகளைக் கவனியுங்கள். மேற்கொண்டு படிக்க விரும்பினால் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் குஜராத்தின் காந்திநகரில் இருக்கிறது. ஆறே வாரத்தில் நிபுணராக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் சான்றிதழ்களுக்குப் பணம் கட்ட வேண்டாம். வேலை வாய்ப்பும் கூடத்தான் செய்யும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்குச் செல்வதைக் கட்டாயமாக்குகிறது. அதை மாநிலங்கள் ஐந்து ஆண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும்.

வீட்டில் உள்ளவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். துப்பாக்கிப் பிரிவில் பெரும்பாலான நாள் மேசையும் நுண்ணோக்கியும்தான். சம்பவ இடப் பணி வந்தால் பிணத்தைப் பார்க்கத்தான் வேண்டும். முதல் சில முறை சாப்பாடு இறங்காது. துறையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள், சாட்சிக் கூண்டில் அசையாமல் நிற்கிறார்கள். பிணத்தைப் பார்ப்பதைவிடத் தொந்தரவு, சாட்சி சொல்ல அழைக்கும் சம்மன்தான். ஆய்வு செய்து ஐந்தாறு ஆண்டு கழித்து, வேறொரு மாவட்டத்திலிருந்து வரும். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றுவது அன்றே எழுதிவைத்த பணிக்குறிப்புகள்தான்.

தேர்வுக்குத் தயாராகும் இந்த மாதங்களிலேயே ஒரு நாள் உங்கள் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம்தான், பெரும்பாலான விசாரணைகளை யாரும் பார்க்கலாம். ஏதாவது நிபுணர் சாட்சி வந்தால் கடைசிக் கேள்வி வரை இருந்து கேளுங்கள். முடிந்தால் அம்மாவையோ அப்பாவையோ கூட அழைத்துப் போங்கள்.